தெளிந்த நீரும் தூய நீரும்



தெளிந்த நீர் வேறு, தூய நீர் வேறு. இவ்விரண்டையும் ஒன்றென்று எண்ணும் வழக்கம் நம்மிடையே மிகப் பழைமையானது. கலங்கிய நீரைக் கண்டால் முகம் சுளிக்கிறோம். தேற்றாங்கொட்டையை உரைத்துத் தெளிய வைக்கிறோம். அடியிற் கிடக்கும் காசு தெரியும்படி தெளிந்துவிட்டால் ஐயமின்றிப் பருகுகிறோம். தேற்றாங்கொட்டையின் பயனைக் கண்டறிந்த நம் முன்னோரை நான் குறை கூற வரவில்லை. சேற்றை அது அடியிற் படிய வைக்கும். சேற்றோடு ஒட்டிய கிருமிகளிற் பலவும் உடன் படியும். எஞ்சியவை நீரிலேயே இருக்கும். அவை கண்ணுக்குப் புலப்படா.

குடலில் வாழும் ஒரு பாக்டீரியத்தின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐந்நூற்றில் ஒரு பங்கு. ஒரு மில்லி லிட்டர் நீரில், அதாவது ஏறக்குறைய இருபது துளி நீரில், பத்து லட்சம் பாக்டீரியங்கள் இருந்தாலும் அந்நீர் கண்ணாடி போலத் தெளிவாகவே தோன்றும். மணமும் சுவையும் மாறுவதில்லை. ஆகவே கண், மூக்கு, நாக்கு என்னும் மூன்று சாட்சிகளும் இவ்வழக்கிற் பயனற்றவர்கள். வேறொரு சாட்சியைத் தேட வேண்டியிருக்கிறது. அந்தச் சாட்சியைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய பகுதிகளில் வாழ்வோருக்கு இது வெறும் ஏட்டுப் பொருளன்று. என் ஆசிரியப் பணியின் பெரும்பகுதி இவ்வூர்களிலேயே கழிந்தது. 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை அமைந்தது. ஆவடியில் படைத்துறைத் தொழிற்சாலைகள் வளர்ந்தன. வேலைக்கு வந்தவர்கள் மனை வாங்கினார்கள்; ஏரிப் பாசன வயல்கள் மனைகளாயின. குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் வருமுன்னரே வீடுகள் வந்துவிட்டன. 2011-இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2019-இல் ஆவடி தனி மாநகராட்சியாயிற்று. எனினும், வீட்டுக்கு ஒரு கிணறு, வீட்டுக்கு ஒரு மலக்குழி என்னும் ஏற்பாடு பல தெருக்களில் இன்னும் மறையவில்லை. கொரட்டூர் ஏரியிற் கழிவுநீர் கலப்பது பற்றிய முறையீடு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றதை நீங்கள் செய்தித்தாள்களிற் படித்திருப்பீர்கள். ஏரியின் கேடு ஊரறியத் தெரிகிறது. கிணற்றின் கேடு தெரிவதில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சென்னை நகரம் குடிக்கும் நீரின் இரு பெருங் களஞ்சியங்கள் இப்பகுதிக்கு இருபுறமும் அமைந்திருக்கின்றன: ஒருபுறம் புழல் ஏரி, மறுபுறம் செம்பரம்பாக்கம் ஏரி. 1872 முதல் புழல் நீர் திறந்த கால்வாய் வழியே, வடிகட்டப்படாமலே, கீழ்ப்பாக்கத்துக்குச் சென்றது. 1914-இல் பொறியாளர் மேட்லி என்பவரின் திட்டப்படி மூடிய கால்வாயும் மணல் வடிகட்டிகளும் கீழ்ப்பாக்கத்தில் அமைந்தன. அதற்கு முன்னரே, 1899-இல் தோன்றிய கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையம் நம் மாநிலத்தில் நுண்ணுயிர் ஆராய்ச்சிக்கு ஒரு நடுநிலையமாக விளங்கலாயிற்று; நீரைச் சோதித்தலும் அதன் பணிகளுள் ஒன்று. நகரத்தார் குடிக்கும் நீரைச் சோதிக்க ஆய்வுக்கூடம் இருந்தது. புறநகர்வாசியின் கிணற்றைச் சோதிக்கக் கயிறும் வாளியும் மட்டுமே இருந்தன.

இனிச் சாட்சிக்கு வருவோம். வாந்திபேதி, டைபாயிடு, சீதபேதி முதலியன நீரினாற் பரவுவன என்பதை 19-ஆம் நூற்றாண்டு கண்டது. 1854-இல் இலண்டன் மாநகரில் ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர், வாந்திபேதியால் இறந்தவர்களின் வீடுகளை ஊர்ப்படத்திற் குறித்து, ஒரு தெருவின் அடிகுழாயையே குற்றவாளியாகக் காட்டினார். கிருமியை அவர் காணவில்லை. முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1884-இல், இராபர்ட் காக் நம் கல்கத்தா நகரத்துக் குளத்து நீரிலேயே அக்கிருமியைக் கண்டார். அப்படியாயின், ஒவ்வொரு கிணற்று நீரிலும் வாந்திபேதிக் கிருமி உண்டா, டைபாயிடு கிருமி உண்டா என்று நேரே தேடிவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் மாணவப் பருவத்தில் அவ்வாறே தோன்றிற்று.

அது நடைமுறைக்கு ஒவ்வாதது. நோய்க்கிருமி நீரில் எந்நேரமும் இருப்பதில்லை. நோயாளி ஒருவரின் மலம் கலந்த வேளையில் மட்டும், அதுவும் சிறு தொகையில் இருக்கும். டைபாயிடு கிருமி உடலில் நுழைந்து காய்ச்சல் வெளிப்பட ஒரு வாரம் முதல் மூன்று வாரம் ஆகும். காய்ச்சல் கண்டபின் கிணற்றைத் தேடினால், திருடன் போய்ப் பல நாளான பின் தெருவிற் காவல் நிற்பது போலத்தான். மேலும் குற்றவாளிகள் பலர், புதியவர்களும் வருகிறார்கள். 1992-ஆம் ஆண்டின் இறுதியில் நம் சென்னையிலேயே வாந்திபேதிக் கிருமியின் ஒரு புதுவகை தலைகாட்டியது. பழைய வகையை அடையாளங் காட்டும் எதிர்ச்சீரம் அதனிடம் பலிக்கவில்லை. பின்னர் அதற்கு ஓ 139 என்று பெயரிட்டனர். வங்காளம் வரை அது பரவிற்று. தெரிந்த முகங்களை மட்டும் தேடுகிறவன் புதிய முகத்தைக் கோட்டை விடுவான்.

ஆகவே விஞ்ஞானிகள் வேறு வழியை மேற்கொண்டனர். 1885-இல் தியோடர் எஷரிக் என்னும் குழந்தை மருத்துவர் குழந்தைகளின் மலத்தில் ஒரு பாக்டீரியத்தைக் கண்டார். இன்று அவர் பெயராலேயே அதனை எஷரிக்கியா கோலி என்கிறோம், சுருக்கமாக ஈ.கோலி. நலமுள்ள மனிதர் குடலிலும் மாட்டின் குடலிலும் அது கோடிக்கணக்கில் வாழ்கிறது. அதன் வகைகளுட் சில நீங்கலாகப் பெரும்பாலானவை தீங்கற்றவை. குடலுக்கு வெளியே, கிணற்று நீரில், அதற்கு இயல்பாக இடமில்லை. நீரில் அது காணப்படுமாயின், அண்மையில் மலம் கலந்திருக்கிறது என்பது பொருள். மலம் வந்த வழியே, நோயாளி ஒருவர் தெருவில் தோன்றும் நாளில், நோயும் வரும். ஈ.கோலி குற்றவாளியன்று, கதவு திறந்திருப்பதைக் கண்டு சொல்லும் சாட்சி. இதனை நன்கு மனத்திற் கொள்ளுங்கள். ‘என் கிணற்றில் கிருமி இருந்தால் எனக்கு ஏன் நோய் வரவில்லை?’ என்னும் வினாவுக்கு விடை இதில் இருக்கிறது.

ஆய்வுக்கூடத்தில் அச்சாட்சியை எங்ஙனம் வெளிக்கொணர்கின்றனர்? 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மக்காங்கி என்னும் ஆங்கில மருத்துவர் அமைத்த ஊட்டச்சாறு இன்றும் வழங்குகிறது. அதில் பாற்சர்க்கரையும் பித்த உப்பும் சேர்ந்திருக்கும். குடலிற் பழகிய உயிர்கள் பித்தத்தைத் தாங்கும். மண்ணிலும் காற்றிலும் உள்ள பலவற்றால் தாங்க இயலாது. குழாயினுள் ஒரு சிறு குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, சோதனை நீரை விட்டு, 37 பாகை வெப்பத்தில் ஓரிரு நாள் வைப்பர். கோலி இனத்தவை இருப்பின் பாற்சர்க்கரையைப் புளிக்கச் செய்யும். ஊதாச் சாறு மஞ்சளாகும். கவிழ்ந்த குழாயில் வாயுக் குமிழி தங்கும். அவற்றுள் மலத்திலிருந்து வந்தது எது என்று பிரித்தறிய, 44 பாகையில் மீண்டும் வளர்த்துப் பார்ப்பர். அந்த வெப்பத்திலும் வளர்வது ஈ.கோலி.

எண்ணிக்கையைக் கணிப்பதுதான் நயமானது. கணக்கில் விருப்பமுள்ள மாணவர்கள் சற்றே செவிசாய்க்க வேண்டுகிறேன். நூறு மில்லி லிட்டர் நீரில் ஒரே ஓர் உயிர் இருப்பதாகக் கொள்வோம். அதிலிருந்து பத்து மில்லி எடுத்து ஒரு குழாயில் விட்டால், அவ்வுயிர் அதில் அகப்படும் வாய்ப்பு பத்தில் ஒன்று. ஐந்து குழாய்களில் விட்டால், பாதிக்குப் பாதி. ஆகவே பத்து மில்லி ஐந்து குழாய், ஒரு மில்லி ஐந்து குழாய், பத்தில் ஒரு மில்லி ஐந்து குழாய் எனப் பதினைந்து குழாய்களில் விட்டு, எத்தனை குழாய் மஞ்சளாயின என்று எண்ணி, எத்தனை உயிர் இருந்தால் இவ்வாறு நிகழ்வது மிக இயல்பு என்று பின்னோக்கிக் கணிப்பர். கனடா நாட்டு மக்கிரேடி 1915-இல் இதற்கு அட்டவணை வகுத்தார். எண்ணாமலே எண்ணும் இக்கணக்கைப் பள்ளியில் நிகழ்தகவு கற்பிக்கும்போது ஏனோ ஒருவரும் கூறுவதில்லை. சீட்டுக்கட்டும் பகடைக்காயுமே நம் பாடநூல்களுக்குப் போதுமாயிருக்கின்றன. இந்தியத் தர அளவோ எளியது: குடிநீரில் எந்த நூறு மில்லி லிட்டரை எடுத்தாலும் ஈ.கோலி ஒன்றுகூட இருத்தல் ஆகாது.

இவையெல்லாம் ஆய்வுக்கூடத்துக்கு உரியவை. ஊருக்கு ஏற்ற சோதனையை அளித்தவர்கள் நம் நாட்டினரே. குவாலியரில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தில் மஞ்சா, மௌரியா, ராவ் ஆகிய மூவரும் ஒரு சீசாச் சோதனையை அமைத்து 1982-இல் வெளியிட்டனர். மடித்த தாளில் பெப்டோன், இரும்பு உப்பு, தயோசல்பேட் முதலியவற்றின் கரைசலை ஊறவைத்து உலர்த்திச் சீசாவினுள் இடுவர். இருபது மில்லி நீரை விட்டு மூடி, 30 முதல் 37 பாகையில் பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரம் வைத்தால் போதும். மல மாசோடு சேர்ந்து வரும் பாக்டீரியங்களிற் பல ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயுவை உண்டாக்கும். அது இரும்போடு கூடி நீரை மைபோலக் கறுக்கச் செய்யும். சென்னைக் கோடைக்கு வளர்ப்புப் பெட்டியே தேவையில்லை. நம் வெயிலுக்கும் ஒரு பயன் உண்டென்று கொள்ளலாம்.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளம் வடிந்த பின், எங்கள் பள்ளியின் பதினோராம் வகுப்பு மாணவர்கள் தத்தம் தெருக் கிணறுகளைச் சோதிக்க விரும்பினார்கள். கல்லூரியொன்றில் நுண்ணுயிரியல் கற்பிக்கும் என் பழைய மாணவர் சீசாக்களைத் தயாரித்துக் கொடுத்தார். மார்கழிக் குளிரை எண்ணி, விளக்கெரியும் ஒரு மரப்பெட்டியில் அவற்றை வைத்தோம். மறுநாட்காலை பாதிக்கு மேற்பட்டவை கறுத்திருந்தன. வெள்ளத்திற்குப் பின் இது வியப்பன்று. வியப்பளித்தது வேறு. வெள்ளம் எட்டாத மேட்டுத் தெரு ஒன்றில், ஊரார் அனைவரும் புகழும் நன்னீர்க் கிணற்றின் சீசாவும் கறுத்திருந்தது.

அக்கிணற்றுக்குரிய முதிய அம்மையார் நம்ப மறுத்தார். “வாத்தியாரையா, முப்பது வருஷமாக இந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம். பன்னீர் மாதிரி இருக்கிறதே, பாருங்கள். இதில் போய்ப் பூச்சி என்கிறீர்களே!” என்றார்.

“அம்மா, தண்ணீரைக் குறை சொல்லவில்லை. அதில் எங்கிருந்தோ ஏதோ கலக்கிறது, எங்கிருந்து என்று பார்க்கத்தான் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள்” என்றேன்.

அவர் பேரன் எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பில் இருந்தான். அவ்வாண்டு டைபாயிடு காய்ச்சலால் மூன்று வாரம் வரவில்லை. அதற்கு இக்கிணறுதான் காரணம் என்று கூற எங்களிடம் சான்று இல்லை, கூறவும் இல்லை. மாணவி ஒருத்தி அளவு நாடாவைப் பிடித்து அளந்தாள். கிணறு மனையின் ஈசானிய மூலையில், அதாவது வடகிழக்கில், முறைப்படி அமைந்திருந்தது. கிழக்கு வீட்டுக்காரரும் முறை தவறாதவரே. அவர் தம் மலக்குழியை வாயு மூலையில், அதாவது வடமேற்கில், வைத்திருந்தார். ஒருவர் மனையின் வடகிழக்கு மூலையும், அவருக்குக் கிழக்கே உள்ளவர் மனையின் வடமேற்கு மூலையும் அடுத்தடுத்து இருப்பவை அல்லவா? இடையில் ஒரு சுற்றுச்சுவர். கிணற்றுக்கும் குழிக்கும் ஒன்பதடி. அம்மாணவி தெரு முழுவதையும் வரைபடமாக்கிக் கொண்டு வந்தாள். வீட்டுக்கு வீடு அதே அமைப்பு.

கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே குறைந்தது ஐம்பதடி வேண்டும் என்பது சுகாதார நூல்கள் கூறும் அளவு. நம் ஊர்க் கிரவுண்டு 2,400 சதுர அடி, நாற்பதுக்கு அறுபது. தெருவார் அனைவரும் கூடிப் பேசி, கிணறுகளை எல்லாம் முன்புறமும் குழிகளை எல்லாம் பின்புறமும் வைத்தால், ஐம்பதடி கிடைக்கும். அவரவர் விருப்பப்படி வைத்தாற் கிடைக்காது. முப்பதுக்கு நாற்பது அரை மனையில் எவ்வாறு வைத்தாலும் கிடைக்காது. அங்குப் பாதாளச் சாக்கடை ஒன்றே வழி. மனைத்திசை பார்க்கும் நம்பிக்கையை நான் எள்ளவில்லை. தனி வீட்டுக்கு வகுத்ததைத் தெருவுக்குப் பொருத்தும்போது பக்கத்து மனையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றே கூறுகிறேன்.

அந்த அம்மையார் அன்று முதல் பேரனுக்கு நீரைக் காய்ச்சிக் கொடுத்தார். தமக்கு மட்டும் பச்சை நீரே போதும் என்றார். “எனக்குப் பழகிவிட்டது” என்பது அவர் வாதம். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. நெடுநாள் பருகியவர் உடல் சில கிருமிகளுக்கு எதிர்ப்பாற்றல் பெற்றிருக்கக் கூடும். குழந்தைக்கும் விருந்தாளிக்கும் அந்தக் காப்பு இல்லை.

எந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. குவாலியர்ச் சீசா சில வேளைகளில் பொய்யும் கூறும்; நிலத்தடி நீரில் இயற்கையாகவே சல்பைடு இருப்பின் மல மாசின்றியே கறுக்கும். கறுத்தால் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புக என்பதே அதன் பொருள். அதைவிடப் பெரிய எல்லையைத் தில்லி மாநகரம் கண்டது. 1955-ஆம் ஆண்டின் இறுதியில் யமுனையின் போக்கு மாறி, நஜாப்கர் கால்வாயின் சாக்கடை நீர் நகரக் குடிநீர் எடுக்கும் இடத்தை எட்டிற்று. அதிகாரிகள் குளோரினை மிகுத்தனர். டைபாயிடும் சீதபேதியும் பெருகவில்லை, பாக்டீரியங்கள் மடிந்தன. ஆனால் சில வாரங்களிற் காமாலை கிளம்பிற்று. ஏறத்தாழ 29,000 பேர் மஞ்சள் பூத்தனர். பாக்டீரியத்தைக் கொன்ற குளோரினுக்கு வைரசு தப்பியது. ஹெப்படைட்டிஸ்-ஈ என்று இன்று நாம் அழைக்கும் நோய் அது. அப்போது அதற்குத் தனிப் பெயரே இல்லை. சாட்சி முதலில் இறந்துவிட்டால் வழக்கு நிலைக்காது. ஆதலால் ஆய்வுத்தாளில் ‘கோலி இல்லை’ என்று வந்தாலும், சாக்கடை வரும் வழியைக் கண்ணால் கண்டு அடைப்பதை எவ்வாய்வும் ஈடுசெய்யாது.

சோதனைக்கு நீர் எடுப்பதிலேயே பாதி வெற்றி இருக்கிறது. கிருமி நீக்கிய சீசா வேண்டும். குழாய் நீராயின், குளோரினை முறிக்கச் சிறிது தயோசல்பேட் அதனுள் இருக்க வேண்டும். இல்லாவிடில் வழியிலேயே கிருமிகள் மடிந்து பொய் விடை வரும். குழாயைத் துடைத்துச் சுடரிற் காட்டி, இரண்டு மூன்று நிமிடம் நீரை ஓடவிட்டு, சீசா வாயில் விரல் படாமற் பிடித்து, மேலே சிறிது வெற்றிடம் விட்டு மூட வேண்டும். பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, இயன்றால் ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வுக்கூடத்திற் சேர்க்க வேண்டும். பூவிருந்தவல்லிக்கும் ஆவடிக்கும் அப்பாலுள்ள கிராமத்தவர்களுக்கு ஒரு செய்தி: 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களச் சோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி அளிக்கும் ஏற்பாடு உண்டு. சோதித்து முடித்த கறுத்த சீசாவை வாசலிற் கொட்டிவிடாதீர்கள். அதில் கிருமிகள் பன்மடங்கு பெருகியிருக்கும். பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றி ஒரு மணி நேரம் வைத்தபின், ஆசிரியரின் மேற்பார்வையில் அப்புறப்படுத்துங்கள்.

குழாய் நீர் வந்துவிட்டவர்களும் அசட்டையாய் இருத்தல் கூடாது. நீர் விட்டு விட்டு வரும் ஊர்களில், வராத வேளையிற் குழாயின் அழுத்தம் குறையும். குழாயில் விரிசல் இருந்து, அருகில் சாக்கடை தேங்கியிருப்பின் அது உள்ளே உறிஞ்சப்படும். குழாயிலேயே மோட்டாரைப் பூட்டி நீரை இழுப்பவர் தம் தெருவுக்கே சாக்கடையை இழுக்கிறார்.

கிணற்றைத் தூய்மை செய்யும் கணக்கு ஒன்றையும் தருகிறேன். விட்டத்தின் இருமடியை 3.14-ஆற் பெருக்கி, நான்கால் வகுத்து, நீரின் ஆழத்தாற் பெருக்கினால் கன மீட்டர் கிடைக்கும். ஒன்றரை மீட்டர் விட்டமும் மூன்று மீட்டர் நீரும் உள்ள கிணற்றில் ஏறத்தாழ 5,300 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் இரண்டரை கிராம். ஆகப் பதின்மூன்று கிராம். நீர் மிக அழுக்காயின் கூடுதலாக வேண்டும். எவ்வளவு என்பதைச் சுகாதார ஆய்வாளர் ஹாராக்ஸ் சோதனையாற் கண்டு கூறுவார். பவுடரை நேரே கிணற்றிற் கொட்டலாகாது. வாளியிற் கரைத்து, சுண்ணாம்பு அடியிற் படிந்தபின் மேலேயுள்ள தெளிவை மட்டும் வேறு வாளியில் எடுத்துக் கிணற்றில் இறக்கி, பலமுறை ஏற்றி இறக்கிக் கலக்கி, ஒரு மணி நேரம் விட வேண்டும். மாலையிற் செய்துவிட்டால் காலையில் எடுக்கலாம். குளோரின் மணம் முற்றும் நீங்கிச் சில நாட்கள் சென்றபின் மீண்டும் ஒரு சீசா வைத்துப் பாருங்கள். அடுத்த மழை பெய்த மறுவாரம் இன்னொன்று. அந்த இரண்டாவது சீசாவும் கறுத்தால், அளவு நாடாவை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியதுதான்.